மறைத்தவையும் மறைந்தவையும்: டச்சுக் காதல் ஓவியங்களோடு எட்டு நாள்

நவம்பர் 6, புதன். ஆம்ஸ்டர்டாம்

8 டிகிரி. தூறலும் இல்லை, பனியும் இல்லை, ஆனால் முகத்தில் ஈரம் ஒட்டிக்கொண்டே இருந்தது. நெதர்லாந்தின் தேசிய அருங்காட்சியகமான ரைக்ஸ்மியூசியம் காலை 9 மணிக்குத் திறக்கிறது. 2024இல் டிக்கெட் 22.50 யூரோவாக இருந்தது. 9 மணிக்கே உள்ளே போய்விட வேண்டும். முதல் முக்கால் மணி நேரம் கூட்டம் முழுவதும் ரெம்பிரான்டின் 'இரவுக் காவல்' படத்தை நோக்கித்தான் ஓடும். சின்னப் படங்களை நிம்மதியாகப் பார்க்க அந்த முக்கால் மணி நேரம்தான் கிடைக்கும். 11 மணிக்குப் பிறகு வந்தால் இரண்டு தோள்களுக்கு நடுவில் தலையை நீட்டித்தான் பார்க்க முடியும்.

17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் ஆணையும் பெண்ணையும் ஒரு அறைக்குள் உட்காரவைத்து வரைந்த படங்களைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். பெண் கேட்டு வருபவன், கடிதம் வாசிப்பவள், மது ஊற்றிக் கொடுப்பவன், பக்கத்தில் ஒரு கிழவி. யாருக்கு யார் என்ன உறவு என்று படம் சொல்லாது. அந்தக் காலத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. நமக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்தவர்கள்தான் தங்களுக்குத் தோன்றியபடி பெயர் வைத்தார்கள். சில இடங்களில் தூரிகையையே எடுத்து மூடியும் விட்டார்கள்.

முதலில் கெரார்ட் டெர் போர்க், சுமார் 1654. வெள்ளி நிறச் சாட்டின் உடுத்திய பெண் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். அவளுக்கு எதிரே இறகுத் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு ஒரு படைவீரன், ஒரு கையை உயர்த்தி ஏதோ சொல்கிறான். நடுவில் ஒரு பெண் கண்ணைத் தாழ்த்தி மதுக் கோப்பையை உறிஞ்சுகிறாள். பின்னால் சிவப்புத் திரை போட்ட கட்டில். வலப்பக்கம் சடை நாய் ஒன்று. இன்று அருங்காட்சியகம் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'நாகரிக உரையாடல்'. ஆனால் 200 ஆண்டு காலம் உலகம் இதை 'தந்தையின் அறிவுரை' என்றே அறிந்திருந்தது. 1765இல் யோஹான் கெயோர்க் வில்லே இதே காட்சியைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டு அந்தத் தலைப்பைக் கொடுத்தார். 1809இல் ஜெர்மன் எழுத்தாளர் கதே எழுதிய ஒரு நாவலில் விருந்தினர்கள் இந்தப் படத்தை உடல்களால் நடித்துக் காட்டுகிறார்கள். அங்கேயும் இது மகளைக் கண்டிக்கும் நல்ல தகப்பனின் படம்தான். திரும்பி நிற்கும் பெண்ணின் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டு, திரும்புங்கள் என்று ஒருவர் கத்துகிறார்.

படத்தின் முன்னால் ஐந்து நிமிடம் நின்றாலே போதும். அந்த வீரனுக்கு அந்த வயதில் மகள் இருக்க முடியாது. அவளைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம், அவ்வளவுதான். அம்மாவாக நினைக்கப்பட்டவள் தன் கோப்பையைத் தவிர எதையும் கவனிக்கவில்லை. கட்டில், மேசைமேல் கண்ணாடி, நாய், எல்லாம் சேர்ந்து இது குடும்பக் கூடம்தானா என்ற கேள்வியை எழுப்புகின்றன. பெண் கேட்கும் இடமா, விலை பேசும் இடமா என்பதுதான் இன்றைய வாதம்.

சாட்டினுக்கு அருகில் போய்ப் பாருங்கள். காவலர் அரை மீட்டர் வரை விடுகிறார், விரலை நீட்டினால் மட்டும் எழுந்து வருகிறார். வெல்வெட் என்றால் வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு நிறம் மெதுவாக இறங்கும். சாட்டினில் அந்த இறக்கம் கிடையாது. மடிப்பின் விளிம்பில் பளீர் வெள்ளை, அதை ஒட்டியே சாம்பல். டெர் போர்க் அந்த இரண்டையும் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். தூரத்திலிருந்து பார்க்கும்போது துணி சரசரக்கும் சத்தமே கேட்பது போல இருக்கிறது. இந்த முதுகுக்கு நின்றவர் அவருடைய தந்தையின் இன்னொரு மனைவிக்குப் பிறந்த தங்கை கெசினா என்று கருதப்படுகிறது. கெசினாவும் ஓவியர், கவிதைகளும் படங்களுமாகச் சேர்த்த அவருடைய ஆல்பம் இதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. அவர் கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

தகப்பன் என்று தப்பாக வாசிக்கப்பட்ட இன்னொரு படமும் இதே கட்டடத்தில் உண்டு. ரெம்பிரான்டின் 'யூத மணமகள்'. ஆணின் கை பெண்ணின் மார்பின்மேல் இருக்கிறது, அவள் விரல் நுனிகள் அந்தக் கையை மெல்லத் தொடுகின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை மகளுக்குக் கழுத்தணி போட்டுவிடும் தந்தை என்று விளக்கினார்கள், பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது பெரும்பாலானோர் விவிலியத்தில் வரும் கணவன் மனைவி ஈசாக்கும் ரெபேக்காளும் என்கிறார்கள். காதலர்களைத் தொட்டபடி வரைந்தால் தகப்பனாக மாற்றிவிட வேண்டும் என்று ஒரு காலத்துக்குத் தோன்றியிருக்கிறது.

ஃபிரான்ஸ் ஹால்ஸ் வரைந்த ஐசக் மாசா, பியாட்ரிக்ஸ் தம்பதியின் படத்துக்கு அந்தக் கதி நேரவில்லை. 1622இல் மணந்தவர்கள். நடுத்தெருவில் உட்கார்ந்து சிரிப்பவர்கள் போலச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் கை அவன் தோளில், மோதிரம் நமக்குத் தெரியும்படி. அவள் பக்கம் ஐவிக்கொடி. அவன் பக்கம் முட்செடி. டச்சில் அதற்கு 'ஆணின் விசுவாசம்' என்று பொருள்படும் ஒரு பெயர் உண்டு. செடியின் பெயர் தெரியாதவனுக்கு அது வெறும் முள்தான்.

கடைசியாக வெர்மீரின் 'காதல் கடிதம்', 44க்கு 38.5 சென்டிமீட்டர். இருட்டான வாசல் வழியே எட்டிப் பார்க்கும்படி அமைத்திருக்கிறார். மடியில் சித்தர்ன் என்ற தந்திக் கருவியும் கையில் கடிதமுமாக எஜமானி நிமிர்ந்து பார்க்கிறாள், வேலைக்காரி சிரிக்கிறாள். உறையும் தபால் தலையும் இல்லாத காலம். கடிதத்தை மடித்து மெழுகு வைத்து மூடி, காதல் கடிதம் என்றால் நம்பிக்கையான கையில் கொடுத்தனுப்புவார்கள். அதனால்தான் இந்தப் படங்களில் வேலைக்காரிக்கு இவ்வளவு முக்கியத்துவம். துணிக்கூடையும் தையல் மெத்தையும் தரையில் கிடக்கின்றன. வாசலில் செருப்பும் துடைப்பமும் போட்டது போட்டபடி. சுவரில் கப்பல் படம். காதல் ஒரு கடல், காதலன் ஒரு கப்பல் என்று 1634இல் யான் ஹார்மென்ஸ் க்ருல் வெளியிட்ட குறியீட்டுப் படநூல் சொன்னது. வீட்டுக்கு வீடு அது தெரிந்திருக்கும்.

1971 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சிக்கு அனுப்பப்பட்டபோது 21 வயது ஹோட்டல் பணியாளர் ஒருவர் இதை உருளைக்கிழங்குத் தோல் சீவும் கத்தியால் சட்டத்திலிருந்து அறுத்துக்கொண்டு போனார். அவர் கேட்ட பிணைத்தொகை 20 கோடி பெல்ஜிய ஃபிராங்க், தனக்காக இல்லை, கிழக்குப் பாகிஸ்தான் அகதிகளுக்காக. இரண்டு வாரத்தில் பிடிபட்டார். படத்தின் ஓரங்களைத்தான் அதிகம் சரிசெய்ய வேண்டியிருந்தது.

வெளியே வந்தபோது மணி 4.30, இருட்ட ஆரம்பித்துவிட்டது. தெருவோர வண்டியில் ஹாரிங் மீன், பச்சை வெங்காயமும் ஊறுகாய் வெள்ளரியும் தூவி, 4 யூரோ. சமைக்காமல் உப்பில் பதப்படுத்திய மீன் அது. வெங்காயத்தை மிச்சம் வைக்காதீர்கள், அது இல்லாவிட்டால் கொழுப்பு திகட்டிவிடும்.

நவம்பர் 7, வியாழன். ஆம்ஸ்டர்டாம்

நாள் முழுக்க மழை. ஒரே ஒரு கதவைப் பார்க்கப் போன நாள்.

ஆவ்டே கெர்க், அதாவது பழைய தேவாலயம், சிவப்பு விளக்குப் பகுதிக்கு நடுவில் நிற்கிறது. உள்ளே ஒரு சிவப்புக் கதவு. திருமணம் செய்ய விரும்புகிறவர்கள் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போய் அறிவிப்பைப் பதிவு செய்ய வேண்டும். கதவின்மேல் டச்சு எழுத்தில் பொறித்திருக்கிறார்கள்: அவசரப்பட்டு மணந்தால் நெடுநாள் வருத்தம். 1634 ஜூன் 10ஆம் தேதி ரெம்பிரான்ட் இதன் வழியாகத்தான் உள்ளே போனார். மணப்பெண் சாஸ்கியா ஃபிரீஸ்லாந்தில் இருந்ததால் அவள் சார்பில் உறவினரான போதகர் ஒருவர் வந்தார்.

இங்கே முறைகளைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்ற படங்களுக்கும் உதவும். ஹாலந்து மாகாணத்தின் 1580ஆம் ஆண்டுச் சட்டப்படி 25 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆணுக்கும் 20 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்ணுக்கும் பெற்றோர் சம்மதம் கட்டாயம். பிறகு மூன்று முறை ஊரறிய அறிவிக்க வேண்டும், ஆட்சேபம் இருப்பவர்கள் அதற்குள் சொல்ல வேண்டும். ரெம்பிரான்டுக்கு அப்போது 27 வயது. இருந்தும் தாயின் சம்மதத்தைக் கேட்டார்கள். நான்கு நாளில் லெய்டனில் இருந்த அம்மா பத்திரம் எழுதிக் கொடுத்தார். ஆக, படங்களில் ஆணும் பெண்ணும் இருக்கும் அறையில் ஒரு வயதான பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்றால், பார்ப்பவர் மனதில் முதலில் எழும் கேள்வி இதுதான்: சம்மதம் சொல்ல வந்தவளா, தரகு பேச வந்தவளா?

கதவருகில் நின்று அந்த வரியை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற பெரியவர் கேட்காமலேயே ஒவ்வொரு சொல்லாகப் பொருள் சொன்னார். நன்றி சொல்வதற்குள் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். இந்த ஊரில் உதவி இப்படித்தான் வருகிறது, சிரிப்பு இல்லாமல், மிச்சம் இல்லாமல்.

நவம்பர் 8, வெள்ளி. ஹேக்

மௌரிட்ஸ்ஹாயிஸ் அருங்காட்சியகம் ஒரு சிறிய மாளிகை, இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். 'முத்துத்தோடு அணிந்த பெண்' இருக்கும் அறையில் நெரிசல், மற்ற அறைகள் காலி. இன்றைய மூன்று படங்களும் காலியான அறைகளில்.

யூடித் லெய்ஸ்டர், 1631. உயரம் சுமார் 31 சென்டிமீட்டர், ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் ஒரு பெண் குனிந்து தைக்கிறாள். உரோமத் தொப்பி போட்ட ஆண் அவள் தோளில் ஒரு கை வைத்து, மறு கையில் நாணயங்களை நீட்டுகிறான். அவள் பார்க்கவே இல்லை. அவள் காலடியில் ஸ்டோஃப், உள்ளே தணல் வைத்துக் கால் சூடேற்றும் மரப்பெட்டி. குளிரில் நின்றால்தான் அதன் அருமை தெரியும். 1614இல் ரூமர் ஃபிஸ்ஸர் வெளியிட்ட குறியீட்டு நூலில் இந்தப் பெட்டிக்கு 'மாதர்களின் செல்லம்' என்று பெயர்: காதலிக்க வருகிறவன் இந்தப் பெட்டியோடு போட்டி போட வேண்டும். கால் பெட்டிமேல் இருக்கிறது, அவனுக்கு இடமில்லை. இன்னொரு பக்கம், தைப்பதற்கான டச்சு வினைச்சொல் கொச்சையில் உடலுறவையும் குறிக்கும். அதனால் படத்தை எதிர்த்திசையில் வாசிக்கிறவர்களும் உண்டு. என் கண்ணுக்கு அவள் மறுக்கிறாள். நூலைப் பிடித்த விரல்களின் இறுக்கம் அதைச் சொல்கிறது, தோள் அவன் கையிலிருந்து ஒதுங்கியிருக்கிறது. லெய்ஸ்டரின் படங்கள் நீண்ட காலம் ஃபிரான்ஸ் ஹால்ஸ் பெயரில் இருந்தன, 1893இல்தான் அவர் பெயர் மீண்டது. மூடப்பட்டது இங்கே ஓவியரின் பெயரே.

அடுத்து ஃபிரான்ஸ் வான் மீரிஸ், 1658. ஒரு பெண் மது ஊற்றுகிறாள், உட்கார்ந்திருக்கும் வீரன் அவள் முன்றானைத் துணியைப் பிடித்து இழுக்கிறான். இருவர் முகத்திலும் ஒரு சிரிப்பு. பின்னால் ஒருவன் மேசையில் தலைசாய்த்துத் தூங்குகிறான், மேலே மாடிக் கைப்பிடியில் படுக்கைத் துணி தொங்குகிறது. நடுவில் இரண்டு நாய்கள் கூடுகின்றன. இது எந்த வகை வீடு என்பதை முகங்கள் சொல்லாமல் நாய்கள் சொல்கின்றன. அந்த நாய்களைப் பிற்காலத்தில் யாரோ நிறம் பூசி மறைத்துவிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் சுத்தம் செய்தபோதுதான் வெளியே வந்தன. நாய்கள் இல்லாமல் பார்த்த தலைமுறைகளுக்கு இது ஒரு விடுதியில் நடக்கும் இனிய சல்லாபம், அவ்வளவே.

யான் ஸ்டேனின் 'சிப்பி தின்னும் பெண்', 20.5க்கு 14.5. அவர் வரைந்தவற்றிலேயே மிகச் சிறியது. சிப்பியின்மேல் உப்பைத் தூவியபடி நேராக நம்மைப் பார்க்கிறாள். சிப்பி காமத்தைத் தூண்டும் என்பது அன்றைய நம்பிக்கை, பின்னால் கட்டில் திரை. சிப்பி யாருக்காக என்பதை அந்தப் பார்வை தீர்த்துவிடுகிறது. படத்துக்கு வெளியே நிற்கும் நாம்தான் வந்திருக்கும் ஆள். முகத்தை 20 சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுபோகத் தோன்றும், கண்ணாடியில் உங்கள் மூச்சு படியும். இடப்பக்கம் ஓரடி தள்ளி நின்றால் ஜன்னல் வெளிச்சம் பிரதிபலிக்காது.

மதியம் சுரினாம் ரொட்டி, 13 யூரோ. கோழிக்கறி, உருளை, காராமணிக்காய், முட்டை, மெல்லிய ரொட்டியின் நடுவே பருப்புத்தூள். 1873 முதல் வட இந்தியாவிலிருந்து சுரினாமின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் சமையல் அது. 1975இல் சுரினாம் விடுதலை பெற்ற காலத்தில் பலர் இங்கே குடியேறினார்கள். கரண்டி கேட்டதற்குக் கடைக்கார அம்மா தலையை ஆட்டி மறுத்துவிட்டு, கை கழுவும் இடத்தைக் காட்டினார்.

மாலையில் காட்ஸ்ஹாயிஸ் வேலிக்கு வெளியே ஒரு நடை. பிரதமரின் அதிகாரபூர்வ இல்லம், உள்ளே விடமாட்டார்கள். இதைக் கட்டிய யாகோப் காட்ஸ் 1625இல் வெளியிட்ட 'திருமணம்' என்ற செய்யுள் நூல் டச்சு வீடுகளில் விவிலியத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கன்னி, காதலி, மணமகள், மனைவி, தாய், கைம்பெண் என்று பெண்ணின் வாழ்வை ஆறாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒழுக்கம் சொன்னவர். ஓவியர்கள் அந்த ஆறு படிகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிகளையே வரைந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நவம்பர் 9, சனி. டெல்ஃப்ட், ஸ்கிப்லாயிடன்

டெல்ஃப்ட் வெர்மீரின் சொந்த ஊர், ஆனால் இங்கே அவருடைய ஒரு படம்கூடக் கிடையாது. வந்தது அவருடைய சொந்தக் கல்யாணத்துக்காக.

1653 ஏப்ரல் 4, மாலை. ஓவியர் லியோனார்ட் பிராமரும் படைத்தலைவர் பார்த்தலோமியஸ் மெல்லிங்கும் ஒரு நோட்டரியோடு மரியா தின்ஸ் வீட்டுக்குப் போகிறார்கள். மகள் கத்தரீனாவை வெர்மீருக்குக் கட்டிக்கொடுக்கச் சம்மதம் வேண்டும். வெர்மீருக்கு 20 வயது, சத்திரக்காரரின் மகன், புராட்டஸ்டன்ட் வளர்ப்பு. மரியா தின்ஸ் வசதியான கத்தோலிக்கர். அவர் சொன்ன பதில் மறுநாள் பத்திரத்தில் பதிவாகியிருக்கிறது: கையெழுத்துப் போட மாட்டேன், ஆனால் அறிவிப்பு வெளியிடப்படுவதைத் தடுக்கவும் மாட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது போதுமாக இருந்தது. ஏப்ரல் 20ஆம் தேதி பக்கத்துக் கிராமமான ஸ்கிப்லாயிடனில் திருமணம்.

வாடகை சைக்கிளில் அந்தக் கிராமத்துக்குப் போகலாம், ஒரு வழி 6 கிலோமீட்டர் போல. மேடே இல்லாத நிலம், அதற்குப் பதில் காற்று. எதிர்க்காற்றில் 50 நிமிடம் ஆனது. பாதி வழியில் செயின் கழன்று, வாய்க்கால் கரையில் மாட்ட வேண்டியதாயிற்று. கையெல்லாம் கிரீஸ். நாய் கூட்டி வந்த அம்மையார் ஒருவர் தன் பையிலிருந்து ஈரத்துணிப் பொட்டலத்தையே கொடுத்துவிட்டுப் போனார். வாடகைக்கு எடுக்கும்போதே பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலை நான்கு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். செயின் தளர்ந்திருந்தால் அப்போதே வேறு கேட்கலாம்.

கிராமத்தில் வாய்க்கால், ஒரு பாலம், செங்கல் தேவாலயம். கல்யாணத்தைக் காட்ட எதுவும் இல்லை. ஆனால் நின்று பார்க்கும்போது ஒன்று புரிகிறது. வெர்மீரின் படங்களில் அம்மா பாத்திரம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, கடிதமும் வேலைக்காரியும்தான். மாமியாரோ பிறகு மருமகனைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார், முதல் மகளுக்கு அவர் பெயர்தான். அந்த வீட்டுச் சுவரில் ஒரு கூட்டிக்கொடுப்பவளின் படம் தொங்கியது. மரியா தின்ஸின் சொத்துப் பட்டியலில் அது இருக்கிறது. டிர்க் வான் பாபுரன் வரைந்த அந்தக் காட்சியை வெர்மீர் தன் இரண்டு படங்களில் பின்சுவரில் மாட்டியிருக்கிறார். கண்ணியமான பெண்கள் இசைக்கருவி வாசிக்கும் அறைகள் அவை.

நவம்பர் 10, ஞாயிறு. ரயில்

பெர்லினுக்கு ஆறு மணி நேரம் என்றார்கள், எல்லை தாண்டியதும் இஞ்சின் கோளாறு, எட்டு மணி நேரம் ஆனது. சாப்பாட்டுப் பெட்டியில் இரண்டாம் மணியிலேயே எல்லாம் தீர்ந்துவிட்டது. எதிர் இருக்கைப் பாட்டி ஆப்பிளை எட்டாக நறுக்கி, கேட்காமல் இரண்டு துண்டு நீட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பெர்லின் தலைமை ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் திறந்திருக்கும், பாலும் ரொட்டியும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

நவம்பர் 11, திங்கள். பெர்லின்

திங்களன்று ஓவியக்கூடம் விடுமுறை. திட்டமிட்டதில் பிழை, ஒரு நாள் போனது. இந்தப் பாதையில் வருகிறவர்கள் கவனிக்க: பெர்லினிலும் ட்ரெஸ்டனிலும் திங்கள் மூடல், ஹேக்கில் திங்கள் பகல் 1 மணிக்குத்தான் திறப்பு.

மாலை புனித மார்ட்டின் நாள். குழந்தைகள் காகித விளக்குகளைக் குச்சியில் தொங்கவிட்டுப் பாட்டோடு தெருவில் போனார்கள். துருக்கிக் கடையில் மைசூர்ப் பருப்பு சூப், எலுமிச்சைத் துண்டோடு, 5 யூரோ. 3 டிகிரி குளிரில் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

நவம்பர் 12, செவ்வாய். பெர்லின்

பொட்ஸ்டாமர் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஓவியக்கூடம். அறைக்கு ஒருவர்கூட இல்லை.

ஆம்ஸ்டர்டாமில் பார்த்த டெர் போர்க் படத்தின் இன்னொரு வடிவம் இங்கே. அகலம் குறைவு, நாய் இல்லை, ஆட்கள் நெருங்கியிருக்கிறார்கள். அதே முதுகு, அதே சாட்டின். இங்கே பார்க்க வேண்டியது வீரனின் உயர்ந்த கை. விரல்களுக்கு நடுவில் ஒரு நாணயம் இருந்தது, பின்னால் யாரோ அதைத் தேய்த்து அழித்தார்கள் என்று ஒரு தரப்பு பல ஆண்டுகளாகச் சொல்கிறது. அப்படி ஒன்று இருந்ததே இல்லை, பேசுகிறவன் கை அப்படித்தான் உயரும் என்று மறுதரப்பு. விரல் நுனியில் வண்ணம் மெலிந்து தெரிகிறது. அதை வைத்து இரண்டையும் சொல்லலாம்.

லெய்ஸ்டர் நாணயத்தைக் காட்டினார், அதனால் அந்தப் படத்தில் கேள்வி 'அவள் வாங்குவாளா' என்று ஒன்றாகக் குறைந்தது. டெர் போர்க்கின் கையில் நாணயம் இருந்தால் இந்தப் பெண்ணின் முதுகு ஒரு விலையாகிவிடும். இல்லாவிட்டால் அவன் கெஞ்சலாம், பொய் சொல்லலாம், மெய்யாகவே பெண் கேட்கலாம். இரண்டு படங்களையும் ஒரே வாரத்தில் பார்த்தபின் சொல்கிறேன்: முகத்தையே காட்டாதவர், நாணயத்தை மட்டும் காட்டியிருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு அறை தள்ளி வெர்மீரின் 'மதுக்கோப்பை'. தொப்பியும் மேலங்கியும் கழற்றாத ஆண் கூஜாவின்மேல் கை வைத்துக்கொண்டு நிற்கிறான். பெண் கோப்பையை முகம் மறையும்படி கவிழ்த்துக் குடிக்கிறாள். கோப்பை ஒன்றுதான். அவன் குடிக்கவில்லை, அடுத்து ஊற்றக் காத்திருக்கிறான். திறந்த ஜன்னலின் வண்ணக் கண்ணாடியில் கடிவாளம் பிடித்த பெண்ணுருவம், நிதானத்தின் குறி. வெளிச்சம் அதன் வழியாகத்தான் அறைக்குள் வருகிறது. இருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

நவம்பர் 13, புதன். ட்ரெஸ்டன்

எல்பே ஆற்றின்மேல் மூடுபனி, மறுகரை தெரியவில்லை. ஸ்விங்கர் அரண்மனை வளாகத்தில் பழைய ஓவியர்களின் கூடம்.

1656 என்று வெர்மீரே தேதி போட்ட 'கூட்டிக்கொடுப்பவள்' இங்கே இருக்கிறது, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான பெரிய படம். சிவப்பு அங்கிக்காரன் ஒரு கையைப் பெண்ணின் மார்பில் வைத்து, மறு கையால் அவளுடைய விரித்த உள்ளங்கைக்கு மேல் நாணயத்தைப் பிடித்திருக்கிறான். மறைக்க எதுவும் இல்லை, யாரும் மறைக்கவும் இல்லை. 23, 24 வயதில் எல்லாவற்றையும் காட்டியவர் பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

'திறந்த ஜன்னலருகே கடிதம் வாசிக்கும் பெண்', 83க்கு 64.5. 1742இல் சாக்சனி ஆட்சியாளருக்காக இதை வாங்கியபோது ரெம்பிரான்ட் வரைந்தது என்று நினைத்தார்கள். பெண்ணின் பின்னால் வெறும் சுவர், அந்த வெறுமைக்காகவே உலகம் இதை நேசித்தது. 1979இல் எக்ஸ்ரே எடுத்தபோது சுவருக்குள் மன்மதன் தெரிந்தான். ஈயம் கலந்த வெள்ளை வண்ணம் எக்ஸ்ரேயைத் தடுக்கும் என்பதால் உடல் வடிவம் வெளிச்சமாக விழுந்தது. வெர்மீரே மனம் மாறி மூடியிருப்பார் என்றுதான் அப்போது எல்லாரும் நம்பினார்கள். பிறகு வண்ணத் துணுக்குகளை வெட்டுமுகத்தில் பார்த்தார்கள். மன்மதனுக்கும் மேல்பூச்சுக்கும் நடுவில் பழுத்த வார்னிஷும் அழுக்கும் ஒரு படலமாக இருந்தது. ஓவியம் முடிந்து, பல பத்தாண்டுகள் சுவரில் தொங்கினால்தான் அப்படிப் படியும். வெர்மீர் இறந்தது 1675இல், மூடியது வேறு கை.

அந்த மேல்பூச்சை நீக்கியவர் ஓவியச் சீரமைப்பாளர் கிறிஸ்டோஃப் ஷோல்செல். கரைப்பான் ஊற்றினால் மேல்பூச்சோடு அடியில் இருக்கும் பழைய படலமும் போய்விடும். அதனால் நுண்ணோக்கிக்கு அடியில், அறுவைக் கத்தியால், துளித்துளியாகச் சுரண்டினார். 2021 செப்டம்பரில் படம் முழுமையாக வெளியே வந்தது.

இப்போது சுவரை நிறைத்துக்கொண்டு மன்மதன் நிற்கிறான், காலடியில் முகமூடிகளை மிதித்தபடி. முகமூடி வேடம், பொய். அவற்றை மிதிக்கும் காதல் மெய்யானது. லண்டனில் உள்ள வெர்மீர் படத்திலும் இதே மன்மதன் பின்சுவரில் உண்டு. வெர்மீர் இறந்தபின் எடுத்த வீட்டுப் பொருள் பட்டியலிலும் 'ஒரு மன்மதன்' என்று இருக்கிறது. தன் வீட்டில் இருந்த படத்தைத்தான் அவர் மாட்டியிருக்கிறார்.

பக்கத்தில் நின்ற நடுவயதுப் பெண்மணி, பழைய சுவர்தான் அழகு, முப்பது வருடமாகப் பார்த்த படம் போய்விட்டது என்று மெல்லிய குரலில் சொன்னார். அவர் வருத்தம் உண்மையானது. அமைதி குறைந்துதான் விட்டது. ஆனால் அந்த அமைதி யாரோ ஒருவருடைய தூரிகை, வெர்மீருடையது இல்லை. வெறும் சுவருக்கு முன்னால் அவள் எந்தக் கடிதத்தையும் வாசித்திருக்கலாம். முகமூடியை மிதிக்கும் மன்மதனுக்குக் கீழே நின்று வாசிக்கும்போது, எழுதியவன் பொய் சொல்லவில்லை என்று ஓவியர் அவளுக்குத் தெரியாமல் நமக்குச் சொல்கிறார்.

கீழே வலப்பக்கம், பச்சைத் திரையை உற்றுப் பாருங்கள். அதற்கு அடியில் ஒரு பெரிய மதுக்கோப்பை இருக்கிறது, எக்ஸ்ரேயில் மட்டும் தெரியும். அதை வரைந்தவரும் வெர்மீர், வேண்டாம் என்று திரை போட்டு மூடியவரும் வெர்மீர். நுண்ணோக்கியும் கத்தியும் கையில் இருந்தும், அந்தத் திரையை யாரும் தொடவில்லை.

மூடுபனி 3 மணி வரை விலகவில்லை. கூடத்துக்கு எதிரில் ஐயர்ஷெக்கே என்ற தயிர்ப்பாலாடைக் கேக், ஒரு துண்டு 4.20, காபி 3.60. மேல் அடுக்கு முட்டை, நடு அடுக்கு பாலாடை, அடியில் ஈஸ்ட் மாவு. முள்கரண்டியை மூன்று அடுக்கும் சேர்ந்து வரும்படி நேராக இறக்க வேண்டும்.